கத்திரி படாத கூடாரம்

மந்தைவெளியில் பந்தல்கார வீட்டுப் பங்கஜத்தைத் தெரியாதவர்கள் குறைவு. கல்யாணமா, காதுகுத்தா, கருமாதியா, அந்தப் பக்கத்தில் எந்த வாசலில் பந்தல் நிழல் விழுந்தாலும் அது அவள் கை பட்ட துணியின் நிழலாகத்தான் இருக்கும். கணவன் தணிகாசலம் மூங்கிலையும் கயிற்றையும் தூக்கிக்கொண்டு ராஜா அண்ணாமலைபுரம், அடையாறு என்று அலைவான். அவள் வீட்டுக் கூடத்தில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து கிழிசலுக்கு ஒட்டுப் போடுவாள். ஒட்டுப் போட்டு மாளாத துணியை வெட்டித் துண்டாக்கி, அந்தத் துண்டுகளை மற்ற துணிகளுக்கு ஒட்டாக்குவாள். நல்ல காரியத்துக்குப் போகிற துணியின் நாலு மூலையிலும் சிவப்பு நூலில் ஒரு தையல். சாவு வீட்டுக்குப் போகிற துணிக்குக் கறுப்பு நூல். பார்வைக்கு இரண்டும் ஒரே பழுப்புக் காடாத் துணிதான். ஒன்றுக்கு ஒன்று மாறிப் போய்விட்டால் அதைவிடப் பாவம் உண்டா? அதனால் இரண்டுக்கும் தனித்தனிப் பரண். கறுப்பு நூல் துணியைத் தொட்ட கையோடு சிவப்பு நூல் துணியைத் தொட மாட்டார்கள்.

1973-ம் வருஷம் புரட்டாசி பிறந்தபோது, இந்தப் பங்கஜம் புருஷனை விட்டுப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

சண்டை இல்லை. அடி உதை இல்லை. ஏதோ வேலையாகப் பட்டணம் வந்த அண்ணன் சண்முகவேலிடம் தன் தகரப் பெட்டியைக் கொடுத்து ராணிப்பேட்டைக்கு அனுப்பிவிட்டாள். கொஞ்ச நாள் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வருவதாகத்தான் வெளியில் பேச்சு. ஆனால் பக்கத்து வீட்டு அஃப்சருன்னிசாவின் கண்ணை மறைக்க முடியுமா?

"கொஞ்ச நாளுக்குப் போறவ கல்யாணப் பொடவையக் கூடவா அனுப்புவே?"

"ஊட்ல பூச்சி அரிக்குதுக்கா."

"பூச்சி பொடவைய அரிக்குதா, உன்னிய அரிக்குதாடி?"

பங்கஜம் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். காலையில் ஒரு தரம் பெருக்கிய வாசல்தான். மறுபடியும் பெருக்கினாள்.

அவளை அரித்த பூச்சிக்கு வயசு இரண்டரை.

1971-ம் வருஷம் அக்னி நட்சத்திரத்தில், அவர்களுடைய ஒரே மகள் தேன்மொழி மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள். ஐந்து வயசுக் குழந்தை. மயிலாப்பூர் முழுக்கப் பந்தல் போட்டவனுடைய வாசலில் அன்றைக்கு அவன் கடைத் துணியே ஏறியது. தேன்மொழியை அதற்குக் கீழே பாயில் கிடத்தியிருந்தார்கள். பங்கஜம் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பெற்றவன் எங்கே? ஐயோ, அவன் ஸ்டூல் போட்டு ஏறிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்! கட்டிவிட்டு இறங்குவான். அண்ணாந்து பார்ப்பான். ஸ்டூலை நகர்த்திப் போட்டு மறுபடி ஏறி, கட்டின முடிச்சையே அவிழ்த்துக் கட்டுவான். காலையிலிருந்து பாடை புறப்படும் வரை அதே வேலை.

"பெத்தது கெடக்குது, இவன் இன்னாடா முடிச்சு போட்டுக்கினு கீறான்?" என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது.

"தொயில் பக்தி நைனா, தொயில் பக்தி!" என்று இன்னொரு குரல்.

அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சுடுகாட்டிலும் இல்லை என்றார்கள். அவள் பக்கத்தில் வந்து ஒரு தரம் உட்காரவில்லை. மகள் போன துக்கத்தைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாளோ என்னவோ, அந்த ஸ்டூலின் சத்தத்தை அவளால் தாங்க முடியவில்லை. அவள் அதைப் பற்றிக் கேட்டதும் இல்லை, அவன் சொன்னதும் இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அவள் காய்கறி வாங்கக் கிளம்பித் தெப்பக்குளத்தைச் சுற்றி, லஸ் வரைக்கும் நடந்து, பை காலியாகவே திரும்பி வருவாள். துணி வைக்காமலே மெஷினை மிதித்துக்கொண்டிருப்பாள். அவன், ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறப்போன பரங்கிமலை ஆங்கிலோ இந்தியர் ஒருவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி வந்தான். வேலை முடிந்ததும் அதை உதைத்துக் கிளப்பி அடையாறு பாலத்தைத் தாண்டிப் போய்விடுவான். எங்கே போனான் என்று அவள் கேட்க மாட்டாள். வரும்போது செருப்பில் கடற்கரை மணல் ஒட்டியிருக்கும்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "ராணிப்பேட்டைக்கு நானே கொண்டாந்து உடறேன்."

"பஸ்ல போவத் தெரியாதா எனக்கு?"

"தெரியும். ஒகேனக்கல் போயிட்டு, திரும்பி வரச் சொல்ல உடறேன். வண்டியிலயே போவலாம். ராவுக்கு எங்கனா கூடாரம் போட்டுக்கலாம். இப்ப கல்யாண மாசமும் இல்ல, கடைல வேலையும் இல்ல."

ஒகேனக்கல் என்ற பேரைக் கேட்டதும் அவள் கை சோற்றுக் கரண்டியோடு நின்றுவிட்டது. அஃப்சருன்னிசாவின் வீட்டுக்காரர் வலியுல்லா பாய் தெருமுனையில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தார். அந்தச் சுவரில் ஒகேனக்கல் அருவி படம் போட்ட காலண்டர் ஒன்று தொங்கும். தெருக் குழாயடியில் வரிசையில் நின்று நின்று அலுத்துப்போன தேன்மொழி அதைப் பார்த்துக் கேட்பாள்: "நைனா, இது இன்னா இம்மாம் பெரிய கொயா! அங்க போயி வெச்சா கொடம் சீக்கிரம் ரொம்பிடுமில்ல?" அவனும், "இட்டுக்கினு போறேன், இட்டுக்கினு போறேன்" என்று சொல்லிச் சொல்லியே காலத்தைக் கடத்தினான்.

"போலாம்" என்றாள் பங்கஜம். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. தகரப் பெட்டியில் அவள் அனுப்பாமல் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. குழாயடிக்குத் தேன்மொழி தூக்கிக்கொண்டு ஓடுகிற சின்ன அலுமினியக் குடம். அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டாள்.

புறப்பட்ட அன்று காலையில் தெருவே கூடிவிட்டது. மோட்டார் சைக்கிளில் இரண்டு பக்கமும் சாக்குப் பைகள். பின் சீட்டுக்குப் பின்னால் தார்ப்பாயில் சுருட்டிக் கட்டிய பெரிய மூட்டை. கூடாரத் துணி அதற்குள் இருந்தது. வலியுல்லா பாய் செயினுக்கு எண்ணெய் விட்டுவிட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா தணிகாசலம், கூடாரமா, இல்ல கல்யாண மண்டபத்தையே கட்டி எடுத்துக்கினு போறியா? ரெண்டு பேர் படுக்கறதுக்கு இம்மாம் துணியா?"

"மடிச்சது சரியா மடியல பாய்" என்றான் அவன், அவரைப் பார்க்காமல்.

அஃப்சருன்னிசா தன்னுடைய பச்சை ஸ்வெட்டரைக் கொண்டுவந்து பங்கஜத்துக்கு மாட்டிவிட்டாள். அது அவளுடைய பெருத்த உடம்புக்குப் பின்னியது. பங்கஜம் அதற்குள் காணாமல் போனாள்.

"நல்லா புட்சிக்கோ. கீய உயுந்தா இவன் திரும்பிப் பாக்கக்கூட மாட்டான், போய்க்கினே இருப்பான்" என்று சிரித்தாள். பிறகு காதோடு குனிந்து, "திரும்பி வாடி" என்றாள். பங்கஜம் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

சைதாப்பேட்டைப் பாலம், கிண்டி, பரங்கிமலை என்று ஊர் பின்னால் போயிற்று. அவள் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தாள். அவன் தோளைப் பிடிக்கவில்லை. பூந்தமல்லி தாண்டியதும் முதுகு விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்தது. வேறு வழி? பின்னால் இருந்த மூட்டையில் சாய்ந்துகொண்டாள். அது மெத்தென்று இருந்தது. புளியமரங்கள் ஓடின. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவளுக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்போல் இருந்தது. ரயில்வே கேட்டில் நின்றபோது இறங்கித் தண்டவாளம் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தாள். சுங்குவார்சத்திரத்தில் டீ குடிக்க நின்றார்கள். கிளாஸ் காலியாவதற்குள், "போலாமா?" என்று நாலைந்து தரம் கேட்டுவிட்டாள்.

டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவர் ஸ்வெட்டரையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சர்க்கஸ் கம்பெனிங்களா?"

"ஆமாங்க" என்றாள் பங்கஜம் வெடுக்கென்று. "இவர் கம்பி மேல ஏறுவாரு. கயிறு கட்டுறதுல கெட்டிக்காரரு."

தணிகாசலம் டீ கிளாஸைக் கீழே வைத்தான். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எழுந்து போய் வண்டியை உதைத்தான்.

வாலாஜாவைக் கடக்கும்போது ராணிப்பேட்டைக்குப் போகிற கைகாட்டி வந்தது. அவன் வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தான். அவள் கைகாட்டியைத் திரும்பிப் பார்த்தாள். வண்டி வேலூர்ப் பக்கம் ஓடியது. திரும்பி வரும்போது இந்த இடத்தில் இறங்கிக்கொள்ளப் போகிறோம் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆம்பூருக்குக் கொஞ்சம் முன்னால் மழை பிடித்துக்கொண்டது. பொழுதும் சாய்ந்துவிட்டது. ரோட்டோரத்து மாந்தோப்பில் கிணற்றடியில் இருந்த ஆளிடம் கேட்டு, இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டிக் கூடாரம் போட்டான் தணிகாசலம். மேலே தார்ப்பாய், அதற்கு அடியில் துணி. அவள் மரத்தடியில் நனைந்தபடி நின்று பார்த்தாள். முகத்தில் மழை வழிய, அவன் முடிச்சை இழுத்துப் பார்க்கிறான். திருப்தி இல்லாமல் அவிழ்க்கிறான். மறுபடி கட்டுகிறான்.

"போதும்யா!" என்று கத்திவிட்டாள். "கயிறு, கயிறு, கயிறு! உனுக்கு உலகத்துல வேற ஒண்ணுமே தெரியாதா?"

அவன் கை அப்படியே நின்றது. "காத்து அடிச்சா பிச்சிக்கும்" என்றான் மெதுவாக.

அதோடு பேச்சு முடிந்தது. ஆளுக்கொரு ஓரமாகப் படுத்தார்கள். நாள் முழுக்கக் குலுங்கிய உடம்பு அவளைக் கேட்காமலே தூங்கிவிட்டது.

விழித்தபோது விடிந்து, மழை விட்டிருந்தது. தணிகாசலம் தார்ப்பாயை உருவி வெளியே கொண்டுபோய் உதறிக்கொண்டிருந்தான். மேலே துணி மட்டும் இருந்தது. கிழக்கு வெயில் அதன் வழியாக மஞ்சளாக இறங்கியது. பங்கஜத்தின் உள்ளங்கையில் மட்டும் பளீரென்று ஒரு வெளிச்சம் கிடந்தது. இரண்டு பொட்டு ஒட்டிக்கொண்டாற்போல ஒரு வெளிச்சம்.

அவள் அதையே பார்த்தாள்.

அந்த வடிவத்தை அவள் எங்கே மறப்பாள்? யாரோ வீட்டில் பெட்ரோமாக்ஸ் பட்டு எரிந்த ஓட்டை அது. ஒட்டுப் போடலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்து, போடாமல் விட்ட ஓட்டை. அன்றைக்கு அதன் வழியாகத்தான் அக்னி நட்சத்திரத்து வெயில் தேன்மொழியின் கன்னத்தில் விழுந்தது. பிள்ளைக்குச் சுடுமே, சுடுமே என்று உள்ளங்கையால் மூடினாள். வெளிச்சம் நெற்றிக்கு நகர்ந்தது. நெற்றியை மூடினாள். நாள் முழுக்க அந்த வெயிலோடு போராடின கை இது!

எழுந்து துணியின் மூலையைத் தேடிப் பிடித்தாள். கறுப்பு நூல். அவள் போட்ட தையல்.

வெளியே வந்தவளைக் கண்டதும் தணிகாசலத்தின் கையிலிருந்த தார்ப்பாய் நழுவிக் கீழே விழுந்தது.

"அடப் பாவி!" அவள் குரல் தோப்பு முழுக்கக் கேட்டது. "எம் புள்ளை கடைசியா கெடந்த பந்தல் துணிய வெட்டியா கூடாரம் தெச்சே? வாடகைக்குப் போவாத துணி, சும்மா கெடக்குதுன்னு எடுத்தியா? நேத்து பூரா நான் அது மேல சாஞ்சுக்கினு வந்தேனே! நீ மனுசனாய்யா?"

அவன் குனிந்து தார்ப்பாயை எடுத்தான். மடிக்க ஆரம்பித்தான்.

"சொல்லு! இதுக்காச்சும் வாயத் தொறந்து சொல்லு!"

அவன் தலை குனிந்து நின்றான். அவ்வளவுதான். அன்றைக்கு எப்படியோ, இன்றைக்கும் அப்படியே! பங்கஜம் துணிப்பையை எடுத்தாள், ஸ்வெட்டரைக் கழற்றி வண்டியின் மேல் எறிந்தாள், ரோட்டுக்கு நடந்தாள். வேலூர் பக்கம் போகிற பஸ் எதிர்ப்புறத்தில் நிற்கும் என்று கிணற்றடி ஆள் பயந்துகொண்டே கையைக் காட்டினான். போய் நின்றாள். நிற்க முடியவில்லை. மைல் கல்லில் உட்கார்ந்தாள். உட்காரவும் முடியவில்லை. பஸ் வருகிற திசையைத் தவிர வேறு எங்கும் பார்ப்பதில்லை என்று கண்ணிடம் சத்தியம் வாங்கினாள். பாழாய்ப்போன கண் கேட்டால்தானே? தோப்பின் பக்கம் திரும்பிற்று.

தணிகாசலம் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஒரு முடிச்சை அவிழ்த்து ஒரு பக்கத்தை விட்டான். கீழே தரையில் விரித்திருந்த துணியும் அதோடு சேர்ந்து எழுந்தது. இன்னொரு முடிச்சை அவிழ்த்தான். உள்பக்கம் மடித்து மடித்துச் செருகியிருந்தது பிரிந்தது. அவன் பின்னால் நடக்க நடக்க, துணி விரிந்துகொண்டே போனது. புல்லின் மேல் ஒரு வீட்டு வாசல் அளவுக்கு விரிந்தது. நாலு மூலையும் முழுசாக, நடுவில் அந்த ஓட்டையோடு.

அவன் வெட்டவில்லை!

பங்கஜம் ரோட்டின் ஓரத்துக்கு வந்தாள். இவர்கள் கடையில் ஓட்டை விழுந்த துணி ஓட்டையோடு தங்கியதே கிடையாது. ஒன்று, ஒட்டுப் போட அவள் மெஷினுக்கு வரும். இல்லாவிட்டால் வெட்ட அவள் கத்திரிக்கு வரும். இது இரண்டரை வருஷமாக அவள் கைக்கே வரவில்லை. என்றைக்கோ தானே துண்டாக்கி எதற்கோ ஒட்டாகப் போட்டிருப்போம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இரண்டு பேர் படுக்க ஒரு துண்டு போதும் என்று தெரிந்தும், இவ்வளவு பெரிய துணியை வெட்டாமல், மடியாத மூட்டையாகக் கட்டி, பாய் கேலி பண்ணப் பண்ண இத்தனை தூரம் சுமந்து வந்திருக்கிறானே இந்த மனுஷன்!

பஸ் வந்தது. நின்றது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள்.

"ஏம்மா, ஏறுறியா இல்லியா?" என்று கண்டக்டர் கத்தினார். "காலங்காத்தால வந்துட்டாங்க... போலாம், ரைட்!"

துணியின் ஒரு ஓரத்தில் அவன் இருந்தான். மறு ஓரத்தில் வந்து நின்றாள் அவள்.

"இத இன்னாத்துக்குய்யா எடுத்தாந்தே?"

"வேற எங்க வெக்கிறது?" தணிகாசலம் துணியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "வேற ஊட்டுக்கு அனுப்ப மனசு வரல. உங்கைல குடுத்தா வெட்டிடுவே. பரண்ல எல்லாத்துக்கும் அடியில ஒளிச்சு வெச்சேன். இப்ப நீயும் போறே. இதுவும் நானும் மட்டும் அந்த ஊட்ல எப்டி இருக்கிறது சொல்லு? அவ கேட்ட எடத்துக்கு இதையாச்சும் இட்டுக்கினு போலாம்னு..."

அவள் விடவில்லை. இரண்டரை வருஷம் தொண்டையில் நின்ற கேள்வி அது.

"அன்னிக்கி ஏன்யா எம் பக்கத்துல வந்து உக்காரல? ஏன் ஏறி ஏறி எறங்கினே?"

"வெயிலு" என்றான் அவன்.

"இன்னா வெயிலு?"

"ஓட்டை வயியா பாப்பா மூஞ்சில உயுந்துச்சில்ல? நீ கைய வெச்சு மறச்சே. அது நவுந்துச்சு. நீ கைய மாத்தி வெச்சே. உங்கை நடுங்கிச்சு, பங்கஜம். எனக்குப் பாக்க முடியல. ஏறித் துணிய ஒரு சாண் இந்தாண்ட இயுத்துக் கட்னேன். அந்தச் சூரியன் நிக்குதா? மறுபடி உயுந்துச்சு. மறுபடி ஏறி அந்தாண்ட இயுத்தேன். எனக்கு வேற இன்னா தெரியும்? அயுதாக்கா வெயில் போயிடுமா?" அவன் இரண்டு கைகளையும் அவளுக்கு முன்னால் நீட்டினான். "எத்தினி பந்தல் கட்ன கை இது! அன்னிக்கி ஒரு முடிச்சு நிக்கல. ஒரு முடிச்சு கூட நிக்கல..."

அப்போதுதான் அவன் அழுதான். சுடுகாட்டில் வராத அழுகை, ஊர் பேர் தெரியாத தோப்பில், ஈரத் துணியின் ஓரத்தில் உட்கார்ந்து, குழந்தையைப்போல் ஏங்கி ஏங்கி அழுதான். பங்கஜம் துணியை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். கீழே அவள் கையால் மறைத்த அதே வெயிலை, மேலே அவன் கயிற்றால் இழுத்து இழுத்து மறைத்துக்கொண்டிருந்தானா? ஒரே பிள்ளைக்கு இரண்டு பேரும் ஒரே குடையைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இருந்துவிட்டார்களா? "கேட்டிருந்தா சொல்லியிருப்பியேய்யா... நான் கேக்கலியே, நான் கேக்கலியே" என்று அவன் தலையை மாரோடு சேர்த்துக்கொண்டு கதறினாள்.

கிணற்றடி ஆள் எதற்கோ கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

துணி காய்ந்த பிறகு இரண்டு பேருமாக ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து மடித்தார்கள். இந்தத் தடவை நன்றாக மடிந்தது.

அன்று சாயங்காலம் ஒகேனக்கல். அருவியின் இரைச்சலில் யார் பேசினாலும் காதில் விழவில்லை. பாறை மேல் துணியை விரித்து வைத்துவிட்டு, பங்கஜம் பைக்குள்ளிருந்து சின்னக் குடத்தை எடுத்தாள். அதைப் பார்த்ததும் தணிகாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அருவிக்கு நீட்டிய மாத்திரத்தில் குடம் நிரம்பி, பொங்கி வழிந்தது. "ரொம்பிடுச்சுடி" என்றாள். யாருக்குக் கேட்டதோ!

அதோடு நிம்மதி வந்துவிட்டதா? இல்லை. இரண்டு நாள் அங்கே தங்குவது என்று வந்தவர்கள் மறுநாள் பரிசல்காரன் துடுப்பெடுக்கும் முன்பே மூட்டை கட்டிவிட்டார்கள். ஓர் இடத்தில் இருக்க அவளுக்கு இன்னும் முடியவில்லை. அவனுக்கும் முடியவில்லை. ஆனால் வண்டியில் அவள் கை இப்போது அவன் தோளில் இருந்தது. மடியில் அருவித் தண்ணீரோடு குடம். ஒவ்வொரு குழிக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்திப் புடவையை நனைத்தது.

ராணிப்பேட்டைக் கைகாட்டி வந்ததும் அவன் வண்டியைத் திருப்பினான். இந்தத் தடவை வேகத்தைக் குறைத்துப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது கொண்டுவந்து விடுவதாகத்தானே பேச்சு. அண்ணன் வீட்டில் தெருப் பக்கத்து அறையை ஒழித்து, அவள் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்கள். "வாங்க மாப்ள, கை கால் கயுவுங்க" என்று சண்முகவேல் உபசாரம் செய்தார். அண்ணி காபி கொண்டுவந்தாள். தணிகாசலம் காபியைக் கையில் வாங்கி, குடிக்காமலே வைத்துவிட்டு, "நான் கெளம்புறேன் மச்சான். இருட்றதுக்குள்ள போவணும்" என்று வாசலுக்கு வந்தான். வண்டியைப் பட்டணத்துப் பக்கம் திருப்பி உதைத்தான். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தான்.

உள்ளே பங்கஜம், "அண்ணி, ஒரு பிளேடு குடுங்க" என்று வாங்கிக்கொண்டு வந்து, வண்டியில் கட்டியிருந்த துணியை இழுத்து, மூலை மூலையாகத் தேடி, கறுப்பு நூலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா பண்றே?" என்றார் அண்ணன்.

"இனிமே இது வாடகைக்கு இல்லண்ணா."

"நடுவுல ஓட்டை கீதே, ஒட்டுப் போட்டுடட்டுமா?" என்றாள் அண்ணி, கூடத்துத் தையல் மெஷினைக் காட்டி.

"வேணா அண்ணி. அது அப்டியே இருக்கட்டும்." நாலாவது மூலையின் நூலையும் பிரித்து ஊதிவிட்டு, அவள் துணியை மூட்டையாக்கினாள். "பெட்டிய யாராச்சும் லாரிக்காரங்க கிட்ட குடுத்து அனுப்பிடுண்ணா. வண்டில எடம் இல்ல."

தணிகாசலம் உதைக்கிற காலைத் தூக்கியபடியே திரும்பிப் பார்த்தான். பங்கஜம் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னாய்யா பாக்கிறே? ஒத!"

அவர்கள் மந்தைவெளிக்கு வந்து சேர்ந்தபோது தெருக் குழாயில் தண்ணீர் விடுகிற நேரம். குழாயடியிலிருந்து வலியுல்லா பாய் பட்டறை வரைக்கும் குடங்கள் வரிசை கட்டி நின்றன. அஃப்சருன்னிசா இடுப்பில் கை வைத்து யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுத் திரும்பியவள், பின்னால் பச்சை ஸ்வெட்டரைக் கண்டதும் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டாள்.

பங்கஜம் இறங்கினாள். கால் மரத்துப்போயிருந்தது. சின்னக் குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு மிச்சம் இல்லை. நொண்டிக்கொண்டே போய் வரிசையின் கடைசியில் அதை வைத்தாள்.

"அடியேய், காவேரிக்குப் போயிட்டு வந்து கொயாயடியிலயா நிக்கிறே?" அஃப்சருன்னிசாவின் குரல் இரண்டாகப் பிளந்தது. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டினாள். "அதுவும் இம்மாத்துண்டு கொடம். இதுல புடிச்சு ஊட்டு அண்டாவை ரொப்பணும்னா எத்தினி நடை நடப்பே?"

"நடக்கிறேன்க்கா" என்றாள் பங்கஜம்.